கட்டுரை இருக்கிறது, தேடினால் வரவில்லை

ஐடி சப்போர்ட் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வகை டிக்கெட், அதாவது பயனர் பதிவு செய்யும் உதவிக் கோரிக்கை, மிகவும் பழக்கம். கேட்கப்படும் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். படங்களோடு, படிப்படியாக, நிறுவனத்தின் உதவித் தளத்திலேயே இருக்கும். ஆனாலும் டிக்கெட் வரும். அந்தக் கட்டுரையின் இணைப்பை ஒட்டி அனுப்பி, டிக்கெட்டை மூடுவோம். சில நாள் கழித்து அதே கேள்வி வேறொருவரிடமிருந்து வரும். "யாரும் தேடிப் பார்ப்பதே இல்லை" என்று அலுத்துக்கொள்வது எங்கள் துறையில் வழக்கமாகிவிட்டது.

நான் அதை ஏற்பதில்லை. தேடல் பதிவுகளையும் டிக்கெட்டுகளையும் அருகருகே வைத்துப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலானவர்கள் தேடுகிறார்கள். இரண்டு மூன்று விதமாகச் சொற்களை மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். ஒன்றும் அகப்படாமல் சலித்துப்போன பிறகுதான் நம்மிடம் வருகிறார்கள். தவறு பெரும்பாலும் தேடல் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் திருத்துவதற்குத் தேவையான தகவல் சப்போர்ட் ஊழியர்களின் கையில்தான் இருக்கிறது.

ஓர் அழைப்பைச் சொல்கிறேன். கணக்குப் பிரிவில் பணிபுரிபவர், வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் இணைய மறுக்கிறது. "திரையில் 809 என்று ஓர் எண் வருகிறது சார். உதவித் தளத்தில் விபிஎன் 809 என்று போட்டுப் பார்த்துவிட்டேன். முடிவுகள் எதுவும் இல்லை என்கிறது" என்றார். எனக்கு வியப்பு. 809 என்றால் விபிஎன் சர்வரை எட்ட முடியவில்லை என்று பொருள். வழியில் இருக்கும் ஃபயர்வாலோ ரவுட்டரோ யூடிபி 500, 4500 ஆகிய போர்ட்டுகளை, அதாவது தரவு போய்வரும் வாயில்களை, மறித்திருக்கும். எங்கள் தளத்தில் அந்த எண்ணைத் தலைப்பிலேயே வைத்த கட்டுரை இருந்தது. "ஒரு நிமிடம் மேடம்" என்று சொல்லி, அவர் போட்டதையே நானும் போட்டேன். எனக்கும் ஒன்றுமில்லை. "சர்வர்" என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டவுடன் அந்தக் கட்டுரை முதல் இடத்தில் வந்து நின்றது.

காரணத்தைத் தேடிப் போனபோது கிடைத்தது மிகச் சாதாரணமான ஓர் அமைப்பு. அந்தத் தளத்தின் தேடல், தரவுத்தளத்தில் உள்ள முழு உரைத் தேடல் வசதியை அப்படியே பயன்படுத்தியது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய மைஐசாம் வகை அட்டவணைகளில், குறைந்தது 4 எழுத்துகள் கொண்ட சொல்தான் தேடலுக்காகச் சேமிக்கப்படும். யாரும் மாற்றாதவரை அதுவே விதி. ஆங்கிலத்தில் விபிஎன் மூன்றெழுத்து. 809 மூன்று இலக்கம். இரண்டுமே தேடல் அட்டவணைக்குள் நுழையவே இல்லை. டிஎன்எஸ், யூஎஸ்பி, பிடிஎஃப், பின் எண் என்று எங்கள் வேலையின் உயிர்நாடியான சொற்களெல்லாம் இதே கதிதான். அதே வகை அட்டவணைகளில் இன்னொரு விதியும் உண்டு: பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் வரும் சொல்லைச் சாதாரணத் தேடல் கண்டுகொள்ளாது. உதவித் தளத்தில் "பிழை" என்ற சொல் எத்தனை கட்டுரைகளில் வரும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் வந்த இன்னோடிபி வகையில் குறைந்தபட்சம் 3 எழுத்து; இந்தப் பாதிக் கணக்கும் அதில் இல்லை. ஆனால் ஐபி போன்ற இரண்டெழுத்துச் சுருக்கங்கள் அதிலும் விழுந்துவிடும்.

கட்டுரைகளும் செய்திகளும் நிறைந்த தளத்துக்கு இந்த விதிகள் நியாயமானவை. சிறு சொற்களைத் தள்ளிவிட்டால் அட்டவணை சிறுக்கும், தேவையற்ற முடிவுகள் குறையும். சுருக்கெழுத்துகளாலும் எண்களாலும் பேசுகிற ஒரு துறைக்கு அவை பொருந்தவே பொருந்தாது. திருத்துவது எளிது: அமைப்பில் எண்ணை மாற்றி, சர்வரை மறுபடி தொடங்கி, தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்ட வேண்டும். கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய அட்டவணை அப்படியே இருக்கும்வரை எண்ணை மாற்றியும் பயனில்லை.

தேடல் அட்டவணை என்று நான் சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எல்லாத் தொல்லைகளும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன. நீங்கள் தேடும் நேரத்தில் பெரும்பாலான தேடல் இயந்திரங்கள் பக்கங்களைப் படிப்பதில்லை. முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று எழுதி வைத்திருக்கும். அதுதான் தேடல் அட்டவணை. நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்றதுதான். டக் கட்டிங் 1999-இல் எழுதிய லூசீன் என்ற தேடல் மென்பொருள் இந்த முறையில் இயங்குகிறது. சோலார், எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள்கள் இரண்டும் அதன்மேல் எழுப்பப்பட்டவை. ஆகவே "தேடினால் வரவில்லை" என்ற புகார் வந்தால் நான் முதலில் கேட்பது, அந்தப் பக்கம் சொல்லடைவில் ஏறியிருக்கிறதா என்பதைத்தான். ஏறாமல் போக எத்தனையோ வழிகள். ஸ்கேன் செய்து ஏற்றப்பட்ட பிடிஎஃப் வெறும் படம். படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் ஓசிஆர் செய்யாதவரை அதில் ஓர் எழுத்துகூட இயந்திரத்துக்குத் தெரியாது. வேர்ட்பிரஸ் தளத்தின் இயல்பான தேடல் பதிவுகளையும் பக்கங்களையும்தான் பார்க்கும், இணைத்த பிடிஎஃப் கோப்பின் உள்ளே போகாது. சில தளங்களில் சொல்லடைவு இரவில் ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். காலையில் சர்வர் முடங்கி, அவசரமாக எழுதிப்போட்ட கட்டுரை, எல்லாம் சரியான பிறகுதான் தேடலில் தலைகாட்டும். அத்தகைய நாட்களில் நான் தேடலை நம்புவதே இல்லை. முகப்புப் பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிடுவதே பலன் தரும்.

"எனக்கு வருகிறது, அவருக்கு வரவில்லை" என்பது தனி ரகம். ஷேர்பாயின்ட் போன்ற நிறுவனத் தளங்களில், ஒருவருக்குப் படிக்க அனுமதியில்லாத ஆவணம் அவருடைய தேடல் முடிவுகளில் தோன்றாது. பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் சப்போர்ட் ஊழியரின் கணக்குக்குப் பெரும்பாலும் அனுமதி கூடுதலாக இருக்கும். அதை வைத்துச் சோதித்துவிட்டு "தேடல் நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்று பதில் எழுதுவது, அழைத்தவரைப் பொய்யராக்குவதற்குச் சமம். சாதாரண ஊழியருக்கு உள்ள அனுமதிகளை மட்டும் கொண்ட ஒரு சோதனைக் கணக்கு ஒவ்வொரு ஹெல்ப் டெஸ்க்கிலும் இருக்க வேண்டும். நான் சேர்ந்த இடங்களில் முதலில் கேட்டுப் பெறுவது அதைத்தான்.

இவையெல்லாம் இயந்திரக் கோளாறுகள். தீர்த்துவிடலாம். பெரிய சிக்கல் மனிதர்களிடையே இருக்கிறது: எழுதுபவர் ஒரு சொல் வைத்திருக்கிறார், தேடுபவர் வேறொரு சொல் வைத்திருக்கிறார். ஆய்வாளர் ஜார்ஜ் ஃபர்னாஸும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரே பொருளுக்கோ செயலுக்கோ பெயர் வைக்கச் சொன்னால், இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்தைவிடக் குறைவு என்று கண்டார்கள். "மிகச் சிறந்த" சொல் ஒன்றை யோசித்து வைத்தாலும் பெரும்பாலானோர் அதைத் தொடமாட்டார்கள். ஆகவே ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் முடியுமோ அத்தனையும் சேர்த்து வையுங்கள் என்பது அவர்கள் சொன்ன தீர்வு. இத்தனை ஆண்டுகள் ஆகியும் உதவிக் கட்டுரைகள் "அடையாளச் சரிபார்ப்பு நற்சான்றுகளை மீட்டமைத்தல்" என்ற தலைப்போடு வெளியாகிக்கொண்டிருக்கின்றன. கணினியைத் திறக்க முடியாமல் தவிக்கும் மனிதர் ஒருவர்கூட இப்படித் தட்டமாட்டார். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்பார். "லாகின் ஆகவில்லை" என்பார். "கணக்கு பூட்டப்பட்டது" என்பார்.

எனவே நான் கட்டுரை எழுதும் முறையை டிக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். பயனர் எழுதிய முதல் வரியை அப்படியே எடுத்துத் தலைப்பாகவோ முதல் பத்தியாகவோ வைக்கிறேன். தொழில்நுட்பப் பெயர் அதற்குக் கீழே வரும். திரையில் வரும் பிழைச் செய்தியை எழுத்துப் பிசகாமல் உரையாகத் தட்டி வைக்கிறேன். படமாக மட்டும் ஒட்டினால் தேடலுக்கு அது கண்ணில் படாது. 1992 முதல் வளர்ந்து வரும் கேசிஎஸ் என்ற அறிவுப் பராமரிப்பு முறையும் இதையே வலியுறுத்துகிறது: கேட்டவரின் சொற்களிலேயே, பிரச்சினையைத் தீர்க்கும் போதே பதிவு செய்யுங்கள், பிறகு எழுதலாம் என்று தள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவு குறைந்த தேடல் சீரமைப்பு எதுவும் இல்லை.

தமிழில் உள்ளடக்கம் வைத்திருக்கும் தளங்களுக்கு இன்னும் சில இடர்கள் உண்டு. இவற்றை மென்பொருள் விற்பவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். "கடவுச்சொல்" என்று தேடுகிறோம். கட்டுரையில் "கடவுச்சொல்லைக் கேட்கிறது", "கடவுச்சொல்லைப் புதுப்பிக்க", "கடவுச்சொல்லின்" என்றெல்லாம் இருக்கிறது. சொல்லை அப்படியே ஒப்பிடும் இயந்திரத்துக்கு இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு சொல். வேற்றுமை உருபு போதாதென்று, அடுத்த சொல்லுக்காக மிகும் க்-உம் ப்-உம்கூடப் புதிய சொல்லை உண்டாக்கிவிடுகின்றன. ஒருவர் இடைவெளி விட்டு "கடவுச் சொல்" என்று எழுதினால் கதை இன்னும் நீளும். அடிச்சொல்லைப் பிரித்தெடுக்கும் கருவி தமிழுக்கும் இருக்கிறது. பல மொழிகளுக்கான ஸ்னோபால் என்ற அடிச்சொல் கருவித் தொகுப்பிலும் லூசீனிலும் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. பல தளங்களில் அதை இயக்குவதே இல்லை, ஆங்கில அமைப்பே ஓடிக்கொண்டிருக்கும்.

இதைவிடக் கண்ணுக்குப் புலப்படாதது ஒன்று. "தொலைபேசி"யின் முதலெழுத்தை, கணினிகள் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடலாம். திரையில் துளியும் வேறுபாடு தெரியாது. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்தால் ஒன்றாகிவிடும். அதைச் செய்யாத தளத்தில், ஒரு விசைப்பலகையில் எழுதியது இன்னொரு விசைப்பலகையில் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஒகரம் வரும் சொற்கள் மட்டும் தேடலில் சிக்கவில்லை என்று யாராவது சொன்னால், உடனே இங்கே பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால் உள்ளே இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். அதை யூனிகோடுக்கு மாற்றி ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வந்த முடிவுகளின் வரிசையும் தொல்லை தரும். ஒரு சொல் எத்தனை அரிதோ அத்தனை மதிப்பு என்ற எண்ணத்தைக் கணினி அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் முன்வைத்தார். இன்றைய தரவரிசைக் கணக்குகள் பலவற்றின் அடித்தளத்தில் அது இருக்கிறது. அந்தக் கணக்கு சொற்களை எடைபோடும். எது நடப்பில் உள்ள விதி, எது காலாவதியான விதி என்பது அதற்குத் தெரியாது. பழைய வழிமுறை புதியதற்கு மேலே வந்து நின்றால், தரவரிசையைத் திருகுவதற்கு முன் பழையதைத் தேடலிலிருந்து நீக்குங்கள். ஆவணக் களஞ்சியத்தில் வைத்திருக்கலாம், தேடலில் வைத்திருக்கக் கூடாது. காலாவதியான கட்டுரை கிடைப்பது எதுவும் கிடைக்காததைவிட மோசம். அதைப் பின்பற்றி யாராவது ஒரு அமைப்பை மாற்றியிருப்பார்கள், அதை அவிழ்க்க நமக்கு அரை நாள் போகும்.

இயந்திரத்தின் தாராள குணத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். எலாஸ்டிக்சர்ச்சின் சாதாரணத் தேடலில் ஐந்து சொல் போட்டால், அவற்றில் எது இருந்தாலும் அந்தப் பக்கம் முடிவில் சேரும். வேறுவிதமாகச் சொல்லாதவரை அதுவே இயல்பு. கூடுதலாகச் சொல் சேர்த்தால் தேடல் குறுகும் என்று பயனர் நினைக்கிறார், முடிவுகளோ பெருகிக்கொண்டே போகின்றன. எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும் வசதியும் அப்படித்தான். அதன் தானியங்கி அமைப்பு 3 முதல் 5 எழுத்துள்ள சொல்லில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஏற்கும். பெயர்களுக்கு நல்லது. 809 என்று தேடியவருக்கு 807-ஐயும் நீட்டினால்? இரண்டும் விபிஎன் பிழைகள்தான், ஆனால் 807 என்பது இணைப்பு இடையில் துண்டிக்கப்பட்டதைக் குறிக்கும். பிழை எண்கள், மாடல் எண்கள், படிவ எண்கள் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு புலம் ஒதுக்கி, அங்கே மிகச்சரியான பொருத்தம் மட்டும் என்று வைப்பது அவசியம். பொருளைப் புரிந்துகொண்டு தேடுவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுத் தேடல்கள் இப்போது எங்கும் வருகின்றன. "லாகின் ஆகவில்லை" போன்ற வாக்கியங்களில் அவை உண்மையிலேயே உதவுகின்றன, மனம் நிறைந்து ஒப்புக்கொள்கிறேன். எண்களில் தடுமாறுகின்றன. பழைய ஆவணத்தை உள்ளே விட்டிருந்தால் அதையே தயக்கமின்றித் தெளிவான பதிலாக எழுதிக் கொடுக்கின்றன. பழைய சொல்முறைத் தேடலைக் கழற்றி எறியாமல் இரண்டையும் சேர்த்து ஓட்டும் தளங்களே எனக்குப் பிடித்திருக்கின்றன.

தேடுபவராக நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பிழைச் செய்தியை முழுவதுமாக ஒட்டாதீர்கள். அதில் உங்கள் பயனர் பெயர், கோப்பின் பாதை, நேரம் எல்லாம் கலந்திருக்கும், அவை வேறு யாருடைய கட்டுரையிலும் இருக்காது. மாறாத பகுதியை மட்டும் எடுத்து மேற்கோள் குறிக்குள் போடுங்கள். சொல்லுக்கு முன்னால் ஒட்டி நிற்கும் சிறு கோட்டை அழித்துவிடுங்கள். பல தேடல்களில் அதற்கு "இந்தச் சொல் வேண்டாம்" என்று பொருள். பொதுவில் திறந்திருக்கும் தளமென்றால் அதன் சொந்தத் தேடலை விட்டுவிட்டு, கூகுளில் "சைட்" கட்டளையோடு அந்தத் தள முகவரியைச் சேர்த்துத் தேடுவது பெரும்பாலும் வேகமாக முடியும். நிறுவனத்தின் உள்தளத்துக்கு இது உதவாது, கூகுளால் அங்கே நுழைய முடியாது. பக்கத்துக்குள் கன்ட்ரோல் எஃப் அழுத்தித் தேடும்போது, மடித்து வைக்கப்பட்ட பகுதிகளை முதலில் விரித்துவிடுங்கள். கீழே உருட்ட உருட்ட ஏற்றப்படும் பக்கங்களில் இன்னும் ஏறாத உரை அதற்கு அகப்படாது.

பராமரிப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் வேலை ஒன்றே ஒன்று: முடிவே கிடைக்காத தேடல்களின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். யார் தேடினார் என்பது தேவையில்லை, அதை நீக்கிவிடுங்கள், சொற்கள் போதும். அந்தப் பட்டியலில் நிறுவனத்தின் வலியெல்லாம் வரிசையாக நிற்கும். பாதிக்குக் கட்டுரை இருக்கும், சொல்தான் பொருந்தியிருக்காது. ஒத்தசொல் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துவிடும். மீதிக்குக் கட்டுரையே இருக்காது, அடுத்து என்ன எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும். அடிக்கடி தேடப்படும் இருபது முப்பது சொற்களையும், ஒவ்வொன்றுக்கும் முதலில் வர வேண்டிய கட்டுரையையும் ஒரு தாளில் எழுதி வைத்து, மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஓட்டிப் பாருங்கள். புதிய பதிப்பு வந்தவுடன் ஒத்தசொல் பட்டியல் சத்தமில்லாமல் காணாமல் போவது நடக்கக்கூடியதுதான். அதைப் பயனர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.

"முடிவுகள் எதுவும் இல்லை" என்ற பக்கத்தையும் நாங்கள் மாற்றி எழுதினோம். அங்கிருந்தே டிக்கெட் போட ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அவர் தேடிய சொற்கள் தாமாகவே டிக்கெட்டில் ஏறிவிடும். மறுபடி தட்டும் சலிப்பு அவருக்கு இல்லை, அவர் என்ன சொல்லால் தேடினார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பிரச்சினை தீர்ந்த பிறகு அந்தச் சொல்லைக் கட்டுரையின் "வேறு பெயர்கள்" பகுதியில் சேர்த்து, சோதனைக் கணக்கில் நுழைந்து அதே சொல்லைப் போட்டுப் பார்க்கிறோம். கட்டுரை முதல் ஐந்து முடிவுகளுக்குள் வந்தால் டிக்கெட்டை மூடுகிறோம். வராவிட்டால் அது தேடலைப் பராமரிப்பவரின் பெயருக்குப் போகிறது.